ஏழு நெருப்புச் சுவர்கள்

ஜனவரி 8

அசகெரு வந்து சேர்ந்தோம். ஊர் என்று சொன்னால் ஊர்தான். பாய் வேய்ந்த நாற்பது வீடுகள், அதைப் போல் பத்து மடங்கு ஆடுகள். எத்தியோப்பியாவின் அஃபார் பாலைவனத்தில், பூமி இரண்டாகக் கிழிந்துகொண்டிருக்கும் பிளவின் நடுவில் இருக்கிறது. கிழிசல் ஒன்றும் அவசரமானதில்லை, வருஷத்துக்கு ஒரு நகம் வளரும் அளவுதான். ஆனால் விலகும் இடைவெளியில் அடியிலிருந்து எரிமலைக் குழம்பு ஒரு சுவர் மாதிரி எழும்பும். எழும்பும்போது நிலம் நடுங்கும். ஆறு மாதமாக இங்கே நடுக்கம் அதிகம். குழம்பு ஊருக்குக் கீழே வருகிறதா, இல்லை பூமி சும்மா சோம்பல் முறிக்கிறதா என்று அளந்து சொல்ல எங்களை அனுப்பியிருக்கிறார்கள்.

குழுவில் மூன்று பேர். தலைவர் டாக்டர் எபனேசர், நாகர்கோவில்காரர். எளிதில் பயப்படுவார், பயந்தால் சத்தம் போடுவார். பொற்கொடி மதுரைப் பெண், முனைவர் பட்டம் வாங்கி இரண்டு வருஷம். எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பாள். டீ போட்டுக் கொடுத்தால் சர்க்கரையையும் சரிபார்ப்பாள். மூன்றாவது நான், மாசிலாமணி, வயது நாற்பத்தொன்பது. ஹைதராபாத் அலுவலகத்தில் பதினோரு வருஷமாக அடுத்தவர்கள் கொண்டுவந்த அளவுகளுக்குப் படம் போட்டுக் கொடுத்தவன். இந்தத் தடவை என் அளவுகளுக்கு நானே படம் போடுவேன்.

உடல் தகுதிச் சோதனையில் டாக்டர், "முதுகுவலி உண்டா?" என்று கேட்டார். "முதுகா?" என்று கேட்டேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கியதும் நேராகக் கூடாரத்துக்குள் போய், என் மனைவி சுகந்தி பெட்டியின் அடியில் வைத்ததை எடுத்துச் சட்டைக்குள் மாட்டிக்கொண்டேன். அகலமான இடுப்புப் பெல்ட், பின்பக்கம் நான்கு தகடு. மாட்டினால் ராணுவக்காரன் மாதிரி நிற்கிறேன். கழற்றினால் செருப்பைத் தேடுகிறவன் மாதிரி நிற்கிறேன். இது யாருக்கும் தெரியத் தேவையில்லை. தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

ஜனவரி 9

எங்கள் வழிகாட்டி ஹமாது இந்த ஊர்க்காரன். முப்பது வயதிருக்கும். நன்றாக ஆங்கிலம் பேசுவான், அதைத் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். வந்ததும் முதல் செய்தியாகத் தன் கல்யாணத்தைச் சொன்னான். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி. பெண்ணின் தகப்பனார் நான்கு வருஷமாக இழுத்தடித்து இப்போதுதான் இறங்கி வந்திருக்கிறாராம். "உங்கள் கருவிகள் அதுவரை எரிமலையைப் பிடித்து வைத்துக்கொள்ளுமா?" என்று கேட்டான். பிடித்து வைப்பது எங்கள் துறை இல்லை என்றேன்.

நாளையிலிருந்து காந்தமானி வேலை. ஊருக்கு முன்னால் உப்பும் களிமண்ணும் மூடிய சமவெளி. அதில் நூறு மீட்டருக்கு ஒன்றாகப் பதினான்கு கோடுகள். கோட்டுக்கு மூன்று கிலோமீட்டர், நாளுக்கு ஆளுக்கொரு கோடு. ஒற்றைப்படைக் கோடுகள் எனக்கு, இரட்டைப்படை பொற்கொடிக்கு. கருவியை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தால், மண்ணுக்கடியில் எரிமலைப் பாறை எழும்பி நிற்கும் இடத்தில் காந்த அளவு தூக்கிக் காட்டும்.

பிளவைக் குறுக்கே வெட்டி நடக்க வேண்டும் என்பதுதான் முறை. ஆனால் குறுக்கே ஆள் விழுகிற அளவுக்கு வெடிப்புகள். எனவே பிளவை ஒட்டி நீளவாக்கில் நடக்கிறோம். பொற்கொடி முகத்தைச் சுளித்தாள். வெடிப்பைக் காட்டியதும் முகத்தை நேராக்கிக்கொண்டாள்.

நடப்பவர் உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது. எபனேசர் எங்களை வரிசையாக நிறுத்திச் சோதித்தார். சாவி, கைக்கடிகாரம், போன், காசு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போயின. பொற்கொடி கொண்டையிலிருந்து ஊசிகளை உருவி உருவிப் போட்டாள். ஜிப் இருக்கிற பேண்ட் கூடாது என்று எபனேசர் எல்லோருக்கும் நாடா வைத்த பைஜாமா வாங்கி வந்திருந்தார். மூன்று பேரும் ஆஸ்பத்திரியிலிருந்து தப்பித்தவர்கள் மாதிரி நின்றோம். ஹமாது சிரிக்காமலிருக்கப் பெரும்பாடு பட்டான்.

"ஓய் மாசிலாமணி, வேற ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்லை சார்."

மருத்துவப் பொருளை அவர் கேட்கவில்லை. பல்லில் அடைத்த வெள்ளியைப் பற்றியும்தான் கேட்கவில்லை.

ஜனவரி 10

நடந்தேன். வேறு எதையும் எழுத உடம்பில் தெம்பில்லை.

ஜனவரி 12

நிலநடுக்கம் பதிவு செய்யும் கருவிகளையும் நான்கு இடத்தில் புதைத்து வைத்திருக்கிறோம். அதில் கிழக்குக் கருவி இரண்டு நாளாக மதியம் மட்டும் விடாமல் நடுங்கியது. பொற்கொடி பரபரப்பாகி, பாறைக்குழம்பு மூச்சு விடுகிறது என்றாள். நான் போய்ப் பார்த்தேன். ஒரு ஒட்டகம் கருவியின் கம்பத்தில் சுகமாக முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது.

"அளக்கிற இடத்துல பக்கத்துல என்ன இருக்குன்னு முதல்ல பாக்கணும்மா," என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"சரிங்க சார். இனிமே பாத்துக்கறேன்," என்றாள். நல்ல பெண், சொன்னால் கேட்டுக்கொள்கிறாள்.

ஜனவரி 15

பொங்கல். எபனேசர் பச்சரிசியும் வெல்லமும் கொண்டுவந்திருந்தார். ஹமாது ஒட்டகப் பால் கறந்து தந்தான். பால் பொங்குமா பொங்காதா என்று மூன்று முனைவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது நிலம் ஒரு ஆட்டு ஆட்டியது. பால் பொங்காமலேயே பானையை விட்டு வெளியே வந்தது. எபனேசர் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். ஹமாது மட்டும் அசையவில்லை. "சின்னது," என்று சொல்லிவிட்டு வெல்லத்தை நக்கினான்.

குனிந்து பானையைத் தூக்கச் சொன்னார்கள். குலதெய்வத்தை வேண்டிக்கொள்வதாகச் சொல்லிக் கண்ணை மூடி நின்றுவிட்டேன். எபனேசர் தூக்கினார்.

ஜனவரி 17

இன்று என் வாழ்க்கையின் முக்கியமான நாள்.

பதினான்கு கோடுகளும் நேற்றோடு முடிந்தன. காலையில் படம் போட்டேன். திரையில் வண்ணம் ஏறியது. சமவெளிக்கு அடியில் பளீரென்று ஏழு சிவப்புப் பட்டைகள். தெற்கிலிருந்து வடக்கு வரை அளவெடுத்து வெட்டினது போல் நேராக, பிளவின் திசையிலேயே, ஒன்றுக்கொன்று சரியாக இருநூறு மீட்டர் தள்ளி. ஏழு எரிமலைச் சுவர்கள். இவ்வளவு ஒழுங்கான அமைப்பை உலகத்தில் எவனும் பார்த்ததில்லை. இயற்கை இத்தனை சுத்தமாக வேலை செய்யும் என்று நானே நினைத்ததில்லை.

நெருப்புச் சுவர்கள் என்று பெயர் வைத்துவிட்டேன். மாசிலாமணிச் சுவர்கள் என்று மற்றவர்கள் பிறகு அழைத்துக்கொள்ளட்டும், நாமே சொல்வது நன்றாக இருக்காது.

ஜனவரி 18

பொற்கொடி மூக்கை நுழைத்துவிட்டாள்.

"சார், ஏழும் உங்க கோட்டுல மட்டும்தான் வருது."

"ஆமா."

"என் கோட்டுல ஒண்ணு கூட வரலையே சார். ஒண்ணு விட்டு ஒண்ணு, கட்டம் போட்ட லுங்கி மாதிரி இருக்கு."

"நீங்க ரொம்ப வேகமா நடக்கறீங்கம்மா. நான் நின்னு நிதானமா நடக்கறேன். கருவிக்கு நேரம் கொடுக்கணும்."

"பூமிக்கு உங்க கோட்டு நம்பரெல்லாம் தெரியுமா சார்?"

கணினியை மூடினேன். ஒரு கண்டுபிடிப்பு வந்தால் பக்கத்திலிருப்பவருக்கு வயிறு எரிவது சகஜம். எனக்கும் இளவயதில் எரிந்திருக்கிறது.

ஜனவரி 19

எபனேசர் படத்தைப் பார்த்து, "கொள்ளாம் ஓய், கொள்ளாம்" என்று பாராட்டி என் முதுகில் ஓங்கித் தட்டினார். டங்கென்று சத்தம் கேட்டது. "என்ன ஓய், இப்பிடி இறுகிக் கெடக்குது உடம்பு?" என்றார். தினமும் உடற்பயிற்சி செய்கிறேன் என்றேன். பொற்கொடி என் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகல் மூன்று நடுக்கங்கள். எபனேசரின் சந்தோஷம் அப்படியே பயமாக மாறியது. ஏழு சுவர், அதோடு நடுக்கம், பக்கத்தில் ஊர். மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்லி ஊரைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்கிறார். நல்ல தண்ணீர் இருக்கிற அடுத்த இடத்துக்கு ஆடு மாடுகளோடு மூன்று நாள் நடை.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. நான் பத்திரிகையில் வரும் கட்டுரையைத்தான் எதிர்பார்த்தேன்.

ஜனவரி 20

வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்குப் பேசலாம். செயற்கைக்கோள் போனில் காதில் வைத்துக் கேட்கிற பகுதி கெட்டுவிட்டது. ஸ்பீக்கரில்தான் பேச முடியும். கூடாரத்தில் எல்லோரும் இருந்தார்கள்.

"ஏங்க, அதை மாட்டிக்கிட்டுத்தான் நடக்கறீங்களா?" என்றாள் சுகந்தி, ஹலோ கூடச் சொல்லாமல்.

"எதை? தொப்பியா? மாட்டறேன்."

"தொப்பி இல்லைங்க. இடுப்புக்கு. டாக்டர் நாலு தகடு வெச்சுக் கொடுத்தாரே, அது."

"சிக்னல் சரியில்லை," என்று வைத்துவிட்டேன். சிக்னல் மிகவும் நன்றாக இருந்தது.

எபனேசர் மாவட்ட அலுவலகத்துக்கு அறிக்கை எழுதும் மும்முரத்தில் இருந்தார், காதில் விழவில்லை. பொற்கொடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரே டம்ளரை வெகுநேரம் கழுவினாள். அவளுக்கும் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

ஜனவரி 21

கேட்டிருக்கலாம். "சார், நாளைக்கு ஒரு துண்டு மட்டும் மாத்தி நடந்து பாப்போமா? உங்க கோட்ட நான் நடக்கறேன், என் கோட்ட நீங்க நடங்க" என்று எபனேசர் முன்னாலேயே கேட்டாள். அவர் உடனே சரி என்றுவிட்டார்.

எனக்குச் சளி பிடிக்கும் போலிருக்கிறது என்றேன். நடந்தால் விட்டுவிடும் என்றார்கள்.

ஜனவரி 22

மாற்றி நடந்தோம். நான்கு கோடுகளில் அரைக் கிலோமீட்டர் அளவுதான்.

என் கோடுகளில் இருந்த இரண்டு சுவர்களையும் காணோம். பொற்கொடியின் கோடுகளில் புதிதாக இரண்டு சுவர்கள் நிற்கின்றன.

அவள் இடுப்பில் கைவைத்து எபனேசரைப் பார்த்தாள், இனி எல்லாம் அவருக்கே விளங்கிவிடும் என்ற மாதிரி. அவருக்கு வேறு மாதிரி விளங்கியது. "நகருது ஓய்," என்றார், குரலே எழும்பாமல். "அஞ்சு நாளுல நூறு மீட்டர். சோடியா நகருது. நாள மறுநாள் ஊரு இங்க இருக்கப்பிடாது." அலுவலகத்துக்குப் போன் போட ஓடினார்.

"சார், சுவரு நகரல, நடக்கற ஆளுதான் மாறியிருக்கு," என்று பொற்கொடி பின்னாலேயே ஓடினாள்.

ஓடினவர் நின்றார். திரும்பி வந்து என் எதிரில் நின்றார்.

"மாசிலாமணி, மறைக்காம சொல்லும். உம்ம மேல இரும்பு ஏதும் உண்டா?"

"இல்லை சார்."

அவர் இரும்பைத்தான் கேட்டார். அது ஸ்டீல்.

எபனேசர் போய்ப் போன் போட்டார். பொற்கொடி என்னிடம் வந்து, மெதுவான குரலில், "சார், என் பேச்சை நம்பி அவரு நிறுத்த மாட்டாரு. நீங்க நடந்தாத்தான் நம்புவாரு. ஒண்ணுமே இல்லாம ஒரு தடவ நடங்க சார்" என்றாள். பைஜாமா மட்டும்தானே போட்டிருக்கிறேன் என்றேன். அவள் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள். பெருமூச்சு விடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

ஜனவரி 23

ஊர் மூட்டை கட்டுகிறது. இங்கே வீடு என்றால் வளைத்த குச்சிகளும் பாய்களும்தான். பெண்கள் ஒரு வீட்டைப் பிரித்து ஒட்டகத்தின் மேல் ஏற்ற நான் ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். ஆனால் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஒரு அம்மாள் பிறந்து பத்து நாளான குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு, ஏறலாமா வேண்டாமா என்று ஒட்டகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணப் பெண்ணின் தகப்பனார் வந்தார். நெருப்புக்கு மேல் இருக்கிற மாப்பிள்ளை வேண்டாம், அடுத்த மழைக்குப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவருக்கு நல்ல சாக்கு கிடைத்துவிட்டது. நான்கு வருஷம் காத்திருந்த ஹமாது அஞ்சாவது வருஷமும் காத்திருக்க வேண்டியதுதான்.

ஹமாது தன் புது வீட்டுக்கென்று சேர்த்து வைத்த குச்சிகளைக் கட்டு கட்டாகக் கட்டினான். பிறகு என்னிடம் வந்தான். திட்டப் போகிறான் என்று நினைத்து நிமிர்ந்து நின்றேன். நிமிர்ந்துதானே நிற்க முடியும்.

"நீங்கள் இல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது," என்றான். "கல்யாணம் போனால் போகட்டும். எல்லோரும் உயிரோடு இருப்போம்." ஒரு ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். கல்யாண விருந்துக்கு வைத்திருந்த குட்டி. நன்றிக்காக.

குட்டி என் சட்டையை மென்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வயதில் இப்படி வெட்கப்பட்டதில்லை. குட்டியைப் பொற்கொடியிடம் கொடுத்துவிட்டுக் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபோது தகடு கிரீச்சென்றது.

சாப்பிடவில்லை.

ஜனவரி 24

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். குப்புற.

காலையில் அதைக் கழற்றினேன். பெட்டியின் அடியில் வைத்தேன். நானே போய், "சார், ஒண்ணாம் கோடும் மூணாம் கோடும் இன்னொரு தடவை நடக்கணும்" என்றேன். எபனேசர், நேரம் இல்லை, ஓடுகிற வழியைப் பாரும் என்றார். "நடந்தே ஆகணும் சார்" என்றேன். பொற்கொடி கருவியை எடுத்துவந்து என் முதுகில் கட்டிவிட்டாள். வாரை இறுக்கும்போது அவள் கை இடுப்பில் பட்டது. அங்கே சட்டை மட்டும்தான் இருந்தது. "மெதுவாப் போங்க சார்," என்றாள். அவள் குரல் மாறியிருந்தது.

ஒண்ணாம் கோட்டில் ஒரு கிலோமீட்டர் நன்றாகவே போனேன். பிறகு முதுகு தன் வேலையைக் காட்டியது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஊசி. மூணாம் கோட்டுக்குத் திரும்பும்போது நான் பாதி மடங்கியிருந்தேன். கோட்டின் கடைசியில் முழுதாக மடங்கி, என் கால் விரல்களை இத்தனை கிட்டத்தில் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பின்னால் மேய்ந்துவந்த ஆடுகள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தன.

ஹமாது வந்து என்னைத் தூக்கி, பாய்ச் சுருளைப் போடுவது போல் ஒட்டகத்தின் மேல் குறுக்காகப் போட்டான். ஊர் முழுக்கப் பார்க்க அப்படியே முகாமுக்கு வந்தேன். எனக்கு ஒட்டகத்தின் வயிறும் தரையும் எபனேசரின் செருப்பும் தெரிந்தன.

பொற்கொடி அளவுகளை இறக்கிப் படம் போட்டாள். சிவப்பே இல்லை. சமவெளி சுத்தமான நீலம்.

"சுவரு எங்க ஓய்?" என்று செருப்பு கேட்டது.

"இல்லை சார்."

"பொறவு எங்க போச்சு?"

"கூடாரத்துல, என் பெட்டிக்குள்ள அடியில இருக்கு சார்."

செருப்பு கூடாரத்துக்குள் போனது. பெட்டியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து என் மூக்குக்கு நேராகப் பெல்ட்டைப் பிடித்து ஆட்டினார்.

"ஏழும் இதுக்குள்ளயா?"

"ஏழும்."

"இரும்பு இல்லேன்னு சொன்னீரே."

"ஸ்டீல் சார்."

எபனேசர் போட்ட சத்தத்தில் ஒட்டகம் ஒரு அடி நகர்ந்தது. நாகர்கோவிலில் இருக்கிற எல்லா வசவும் வந்தது, நான் கேட்டறியாத சிலதும் வந்தது. எல்லாம் எனக்குத் தகும். திட்டி முடித்துவிட்டு, "நம்ம நடுக்கமானிக் கணக்கையும் பாத்தியா மக்களே?" என்று, அவர் ஊர் வழக்கத்தில் பிள்ளையைக் கூப்பிடுவது போல், பொற்கொடியிடம் கேட்டார். அவள் நான்கு கருவிகளின் பதிவுகளையும் நேற்று இரவுதான் சேர்த்துக் கணக்குப் போட்டு, இரண்டு தடவை சரிபார்த்திருந்தாள். இந்த மாத நடுக்கமெல்லாம் வடக்கே நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஆளில்லாத மலைக்கு அடியில். அசகெரு பக்கம் எதுவும் வரவில்லை. எபனேசர் மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஊர் நகர வேண்டாம் என்றார். ஏன் என்று அவர்கள் கேட்டிருக்க வேண்டும். "அளவுல ஒரு குறுக்கீடு" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

ஹமாதுவிடம் நானே சொன்னேன், ஒட்டகத்தின் மேல் கிடந்தபடியே. பாறை இல்லை, நெருப்பு இல்லை, என் இடுப்பு மட்டும்தான் என்று. அவன் பெல்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன். கீழே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்தி, "ஆட்டைத் திருப்பிக் கொடுங்கள்" என்றான்.

ஜனவரி 26

ஊர் மறுபடியும் நிற்கிறது. பெண்ணின் தகப்பனாரை வழியிலேயே பிடித்துத் திருப்பி அழைத்து வந்துவிட்டார்கள். நெருப்பு என்ற சாக்கு போனதும் அவருக்கு வேறு சாக்கு கிடைக்கவில்லை.

என்னை என் ஊருக்குத் திருப்பி அனுப்பவில்லை. இரக்கத்தால் இல்லை. ஜீப்பில் உட்கார வைக்க முடியவில்லை.

ஜனவரி 28

கல்யாணம். என்னைப் பாயோடு தூக்கிக்கொண்டு போய்ப் போட்டார்கள். கால்களை மட்டும் பார்த்தேன், நல்ல கால்கள். வட்டமாகக் கைதட்டி ஆடினார்கள். ஆட்டம் தரை வழியாக என் முதுகுக்குள் வந்து, டாக்டர் செய்யாததைக் கொஞ்சம் செய்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நடுவில் எபனேசர் கிழக்குக் கருவியின் பதிவைப் பார்த்துவிட்டு வெளுத்துப்போய் ஓடிவந்தார். "ஓய், வரிசையா நடுக்கம், நிக்கவே இல்ல."

"பக்கத்துல என்ன இருக்குன்னு முதல்ல பாருங்க சார்," என்றேன். பொற்கொடியும் அதையே அதே நேரத்தில் சொன்னாள். ஆட்டுக்கறி நன்றாக இருந்தது. எந்தக் குட்டி என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 2

எழுந்து உட்கார்கிறேன், கம்பு ஊன்றிக் கொஞ்சம் நடக்கவும் செய்கிறேன். என் ஏழு கோடுகளையும் பொற்கொடி திரும்ப நடந்து முடித்துவிட்டாள். அவளுடைய அளவு, அவளுடைய படம். நான் வண்ணம் மட்டும் போட்டுக் கொடுத்தேன். கட்டுரையில் அவள் பெயர் முதலில் வரும். பரவாயில்லை என்று எழுத நினைத்தேன். கொஞ்சம் எரிகிறது.

படம் முழுக்க நீலம். ஐந்தாம் கோட்டில் ஓர் இடத்தில் மட்டும் கடுகு மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. மறுபடி நடந்தாள், மறுபடி வந்தது. அவள் இரும்பு எதுவும் வைத்திருக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். மூன்று பேரும் போய்ப் பார்த்தோம்.

ஹமாதுவின் புது வீடு அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிறது. வளைத்த குச்சிகளை உச்சியில் சேர்த்துக் கட்ட நல்ல வலுவான கயிறு கிடைக்கவில்லையாம். அகலமான இடுப்புப் பெல்ட் ஒன்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நான்கு தகடும் வெயிலில் மின்னின. உள்ளே புதுப்பெண் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு வேண்டுமென்றால் கழற்றித் தருகிறேன்," என்றான் ஹமாது. "ஆனால் வீடு குனிந்துவிடும்."

வேண்டாம் என்றேன்.

அந்தப் புள்ளியை அழித்துவிடலாமா சார் என்று எபனேசரிடம் பொற்கொடி கேட்டாள். "கெடக்கட்டும் மக்களே, உள்ளதுதானே," என்றார். படத்தில் சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் நானே எழுதினேன்: ஹமாது வீடு.